ஓர் அரிசி அகலம்

டீ நன்றாக இருந்தது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, அடுத்து இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு உதவுமே என்று சொல்கிறேன். நான் எப்போதுமே இப்படித்தான், மனதில் பட்டதை அன்போடு சொல்லிவிடுவேன். சிலர் பெரிய மனதோடு எடுத்துக்கொள்வார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள். உங்கள் எழுத்தர்கூட ஒருமுறை எழுந்து போய்விட்டுத்தான் வந்தார். பரவாயில்லை, மெதுவாகவே சொல்கிறேன், அவர் எழுதிக்கொள்ளட்டும்.

நான் மூக்குக்கண்ணாடி செய்கிறவன். சொந்தக் கடை. முன்னால் ஃபிரேம் மாட்டிய அலமாரி, பின்னறையில் லென்ஸ் உரசும் சக்கரம். உதவிக்கு ஆள் வைத்துப் பார்த்தேன், ஒருவரும் நிலைக்கவில்லை. இந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால் அளவெடுப்பதிலிருந்து துடைத்துப் பெட்டியில் வைப்பது வரை எல்லாம் நானே. வேலையில் இன்றுவரை எனக்குக் கை தவறியதில்லை. இதை எழுத்தர் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

எங்கள் சபை சின்னது. மரச்சாமான் கடைக்கு மேலே, மாடியில் ஒரு கூடம். செங்குத்தான படிக்கட்டு, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கைப்பிடி இல்லை. கைப்பிடி போடச் சொல்லி நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் வேத வசனம் வாசிப்பது என் பொறுப்பு. பாட்டு, வாசிப்பு, பிரசங்கம் எல்லாம் முடிந்து கடைசியில் சாட்சி நேரம். அந்த வாரம் தனக்கு நடந்த நல்லதை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள்.

பகைவரையும் நேசிக்க வேண்டும் என்று ஒரு ஞாயிறு போதகர் பிரசங்கம் செய்தார். முடிக்கும்போது எங்கள் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

"நமக்குப் பிடிச்சவங்கள நேசிக்கிறதுக்கு நமக்கு எந்தக் கிருபையும் வேண்டாம். அது தானா வரும். ஆளாளுக்கு மனசுக்குள்ள ஒருத்தரத் தேர்ந்தெடுங்க. இந்தச் சபையிலயே உங்களால தாங்க முடியாத ஒருத்தர். பேர யாருக்கும் சொல்லாதீங்க. அவங்களுக்கு என்ன செஞ்சீங்கன்னு மட்டும் சாட்சியில சொல்லுங்க, போதும்."

சொல்லிக்கொண்டே கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை என்மேல் வந்து சற்று நின்றது. இந்த மனிதர் என்னிடம் நிறைய எதிர்பார்க்கிறார் என்று புரிந்துகொண்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நேரத்தில் கூடத்தில் பாதிப்பேர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"உன் ஆள் யாரு?"

"பேரச் சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல."

"எனக்குக்கூடவா?"

"முக்கியமா உங்களுக்கு" என்றாள். என் மனைவிக்கு விளையாட்டுப் புத்தி கொஞ்சம் உண்டு.

என் ஆளைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. சபையில் எல்லோரும் அவரைத் 'திருத்தம்' என்று சொல்வார்கள், அவர் காதில் விழாமல். அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவர், ஓய்வு பெற்ற பிறகும் வேலையை விடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உலகத்தைப் பார்ப்பார். நான் வசனம் வாசிக்கும்போது பெஞ்சிலிருந்தே, "ஒரு வார்த்தைய விட்டுட்டீங்க" என்பார். எப்போதும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டு, சிடுசிடுவென்று இருப்பார். குழந்தை அழுதால் திரும்பி முறைப்பார். என் கடைப் பெயர்ப்பலகை சாய்ந்திருக்கிறது என்று நடுத்தெருவில் நின்று சொன்னவர் அவர். அது சாய்ந்திருக்கவில்லை, சார். தெருதான் சாய்வு.

அவரை நேசிக்க ஆரம்பித்தேன். மழை வந்தால் குடையோடு அவர் வீட்டு வாசலில் நிற்பேன். "குடைக் கம்பி என் கண்ணக் குத்துது" என்பார். அவருக்குச் சளி என்று கேள்விப்பட்டு, மனைவியைச் சூப் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனேன். "இதுல உப்பு இல்ல" என்றார். அடுத்த ஞாயிறு சாட்சியில் இதை எழுந்து சொன்னேன். உப்பு இல்லை என்று சொன்னவர் சூப்பை அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டார், நான் புன்னகையோடு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன் என்று கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன். கூடமே குலுங்கிச் சிரித்தது. பிறகு யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திருத்தம் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பேரைச் சொல்லவில்லைதான், ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து என் சாட்சிக்கென்றே ஒரு கூட்டம். படியில் ஏறும்போதே, "பிரதர், இந்த வாரம் உங்க ஆள் என்ன பண்ணாரு?" என்று கேட்பார்கள். உச்சி குளிர்ந்துவிடும். என்னைக் கண்டால் வேலை இருக்கிறது என்று நழுவுகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள். அன்பு எப்படி மனிதர்களை ஒன்றுசேர்க்கிறது பாருங்கள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, நான் கடையைத் திறந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது, திருத்தமே உள்ளே வந்தார். அதுவரை அவர் வேறு கடைக்குத்தான் போவார். வந்தவர் ஃபிரேம்களைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார்.

"திருகு லூசா இருக்கு. முறுக்கித் தர முடியுமா?"

"அதுக்கென்ன ஐயா, உக்காருங்க. இத்தனை நாள் நம்ம கடை கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

"இப்ப தெரிஞ்சுது" என்றார். பிறகு, வாயில் வராத ஒரு சொல்லை இழுத்துப் பிடிப்பதுபோல், "பலகை நேரா இருக்கு" என்றார்.

என் அன்பு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். திருகை முறுக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் லென்ஸையும் கருவியில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது.

உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு மையம் உண்டு. அது கண்மணிக்கு நேர் எதிரே உட்கார வேண்டும். பவர் குறைவாக இருந்தால் கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஒன்றும் தெரியாது. திருத்தத்துக்கோ சோடாபுட்டிக் கண்ணாடி. அதில் ஒரு பக்க மையம் இம்மி இறங்கியிருந்தாலும் போச்சு, இரண்டு கண்ணும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், நாள் முழுக்கத் தலை வலிக்கும். அந்த வேறு கடைக்காரர் வருஷக்கணக்காக அவருக்கு அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறார். மனிதர் தலைவலியோடேயே பிழை திருத்தி, தலைவலியோடேயே சாமி கும்பிட்டு, தலைவலியோடேயே என்னைக் குறைசொல்லி வாழ்ந்திருக்கிறார்.

வேலை என்று வந்துவிட்டால் எனக்கு வஞ்சகம் கிடையாது. அன்றே அளவெடுத்துப் புதிதாகச் செய்து மாட்டிவிட்டேன். அவர் தெருவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் அப்படியே விரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. தலைவலி போன மனிதர் தங்கமாகிவிட்டார். குழந்தை அழுதால் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். பாட்டுக்குழுவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார். சிரிக்கிறார், சார், அதுவும் என் சாட்சியைக் கேட்டு அல்ல, தானாகவே ஏதோ சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், மற்றவர்களும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார்கள். சாட்சி நேரத்தில் நான் எழுந்து, "இந்த வாரம் என் ஆள் எனக்கு ஒரு ஆரஞ்சுப்பழம் கொடுத்தாரு" என்றேன். "நல்லது பிரதர்" என்று யாரோ சொன்னார்கள். சப்பென்று போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து படியில் ஏறும்போது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி கண்ணை மூடினார். என்னிடம் பேசும் முன் அவர் எப்போதும் இப்படிச் செய்வார், அவ்வளவு பிரியம்.

"பிரதர், வசனம் வாசிக்கிறத இனிமே நம்ம அச்சக ஐயாகிட்ட குடுக்கலாம்னு நினைக்கிறோம். நிறுத்தி நிதானமா வாசிப்பாரு. நீங்களும் வேற ஒருத்தரத் தேர்ந்தெடுத்துக்கலாமே. உங்க ஆள்தான் இப்ப கஷ்டமாவே இல்லையே."

எனக்கு அது பொறுக்கவில்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த இடம் போனால் அந்தக் கூடத்தில் நான் யார்? ஓரத்து ஜன்னல் பக்கம் உட்கார்கிற ஒரு கண்ணாடிக்கடைக்காரன், அவ்வளவுதான். வேறு ஆளைத் தேடியும் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன், கடினமானவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். சொல்லப்போனால் போதகர் அந்த வேலையைக் கொடுத்த நாளிலிருந்து எல்லோருமே கொஞ்சம் கூடுதலாகவே அன்பாக இருந்தார்கள். அழைக்காத வீடுகளிலிருந்தெல்லாம் பலகாரம் வந்தது. முகம் கொடுத்துப் பேசாதவர்கள் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டாவது, நலம் விசாரித்தார்கள். இவர்களில் யாரை நான் பொறுத்துக்கொள்வது? பொறுத்துக்கொள்ள ஒன்றும் இல்லையே.

ஆகவே பழைய ஆளையே மீட்டெடுப்பது என்று முடிவு செய்தேன். இதில் சுயநலம் எதுவும் இல்லை. நேசிக்கக் கடினமான ஒருவர் ஒரு சபைக்கு அவசியம். அவர் இல்லாவிட்டால் மற்றவர்களின் அன்பு துருப்பிடித்துவிடும்.

லென்ஸில் கீறல் விழுந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லி அவரைக் கடைக்கு வரவழைத்தேன். கீறல் எதுவும் இல்லை. புதிதாக ஒரு ஜோடி உரசினேன். வலது லென்ஸின் மையத்தை மட்டும் ஓர் அரிசி அகலம் மேலே ஏற்றினேன். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அழகாக இருந்தது. மாட்டிக்கொண்டு எழுந்தவர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தரை கொஞ்சம் தூக்குற மாதிரி இருக்கு."

"புதுசு ஐயா. பழகிடும்."

"நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆவலோடு போனேன். நெற்றியில் பழைய சுருக்கம் வந்திருந்தது, நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வரவில்லை. வசனத்தைத் தடவித் தடவி வாசித்தார், இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. தலைவலி இருக்கிறது, கோபம் மட்டும் வரவில்லை. நான் குழம்பிப்போனேன். வேலையில் அளவு போதவில்லையோ என்று தோன்றியது. மூக்குத்தாங்கியைச் சரிசெய்கிறேன் என்று வாங்கி, வேறு லென்ஸ் போட்டு, இன்னோர் அரிசி அகலம் ஏற்றினேன்.

"படி ரெண்டு ரெண்டாத் தெரியுது. ஒரு தடவ பாக்குறீங்களா?" என்று வந்தார்.

வாங்கி, கருவியில் வைத்து, பார்ப்பதுபோல் பார்த்து, துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு ஐயா. வயசாச்சுல்ல."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இப்போது திட்டப்போகிறார், பழைய மனிதர் வந்துவிட்டார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அவர் கண்ணாடியை வாங்கி மெதுவாக மாட்டிக்கொண்டு, "சரி பிரதர்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே போனார். அதன்பிறகு அதைப்பற்றி என்னிடம் பேசவே இல்லை.

அடுத்து வந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தோம். அவர் எனக்கு முன்னால், சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார். கீழிருந்து ஒரு குழந்தை கூப்பிட்டுக் கையாட்டியது. அவரும் சுவரிலிருந்து கையை எடுத்து ஆட்டினார். ஆட்டிக்கொண்டே, படி இல்லாத இடத்தில் காலை வைத்தார். கால் எங்கே போகிறது என்று நான் தெளிவாகப் பார்த்தேன், எனக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. அவர் சட்டை என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கையை நீட்டவில்லை. விழுந்தால் நிச்சயம் கோபம் வரும், இத்தனை பேர் முன்னால் என்னைத் திட்டுவார், அடுத்த வாரம் நான் அதை மன்னிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தக்கூட இல்லை. கீழே போய்ச் சேரும்வரை சத்தமே வரவில்லை.

மருத்துவமனைக்கு நாள் தவறாமல் போனேன். அவர் மகள் பக்கத்திலேயே இருந்தாள். என்னைப் பார்த்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவாள், துக்கத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான். கடைசியாக நான் போனபோது அவர் கண்ணைத் திறந்து, பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். குரல் மெல்லியதாக இருந்தது.

"உங்க சாட்சியில ஒரு திருத்தம்."

"சொல்லுங்க ஐயா."

"நான் சூப்பக் கீழ ஊத்தல. குடிச்சேன். உப்பு இல்லாமலேயே குடிச்சேன்."

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டார். மகள் திரும்பிப் பார்த்தாள்.

"என் ஆள் நீங்கதான் பிரதர். மொத நாள்லேர்ந்து நீங்கதான். அதுக்காகத்தான் உங்க கடைக்கே வந்தேன். பலக நேரா இருக்குன்னு சொல்றதுக்குள்ள நான் பட்ட பாடு."

"ஐயா, அதிகமாப் பேசாதீங்க."

"கண்ணாடி வேலையில உங்களுக்குக் கை தவறாது. அது எனக்கும் தெரியும். ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். நீங்க ஒத்துக்கல. வேற கடைக்குப் போனா உங்கள விட்டுட்ட மாதிரி ஆயிடும். அதான் போட்டுக்கிட்டேன்." சிரித்தார் என்று நினைக்கிறேன், வாய் கோணியது. "ரொம்பக் கஷ்டமான ஆளுப்பா நீங்க. ஆனாலும் முடிஞ்சுது."

மறுநாள் அவர் இறந்துபோனார். அந்தக் கண்ணாடியை மகள் வேறொரு கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள், அதனால்தான் இப்போது நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, இத்தனை நடந்தபிறகு அவளையே என் அடுத்த ஆளாக எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

எழுதச் சொல்லுங்கள், சார். அந்த லென்ஸை உரசியது நான். மையத்தை மாற்றியது நான், இரண்டு தடவை, தெரிந்தே மாற்றினேன். படிக்கட்டு எப்படிப்பட்டது என்றும் எனக்குத் தெரியும். விழும்போது கை நீட்டிப் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. இதில் எதையும் மறுக்கமாட்டேன், எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் அப்படியே பதிவு செய்யாதீர்கள். தலையில் அடிபட்டவர், நினைவு தடுமாறியிருக்கிறது. நேற்று உங்கள் ஆட்கள் என்னை அழைத்து வருவதற்கு முன் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். "பாத்தியா, அவரோட ஆள் நானாம். ஆமா, உன் ஆள் யாருன்னு இப்பவாவது சொல்லு" என்றேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் எடுத்து மடித்தாள். கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றுகிறவள்.

சபையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். போதகரைக் கேளுங்கள், பலகாரம் அனுப்பியவர்களைக் கேளுங்கள். இத்தனை பேர் சும்மாவா என்மேல் அன்பாக இருந்தார்கள்? என்னை நேசிப்பதில் அப்படி என்ன கஷ்டம் இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள், சார்.